அந்தத் தோலை இழுத்துக் கட்டியது யார்?

போன வருஷம் சென்னையில் இசை கேட்கிற வட்டம் ஒன்றிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடி மேற்கத்திய செவ்வியல் இசை கேட்பவர்கள். பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். அந்த மாதம் அவர்கள் எடுத்துக்கொண்டது கிழக்காசிய இசையும் ஐரோப்பிய இசையும் கலந்து உண்டான அறை இசை. சேம்பர் மியூசிக் என்பார்கள். நாலைந்து பேர் எதிரெதிரே உட்கார்ந்து, நடத்துநர் இல்லாமல், ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசிப்பது. இரண்டு பக்கத்துக்கு அறிமுகக் குறிப்பு வேண்டும் என்றார்கள். எழுதித் தந்தேன். அச்சாகி வந்தபோது ஒரு பத்தியைக் காணோம்.

கேட்டேன். "இடம் பத்தலை சார். அதுவுமில்லாம அந்தத் தோல் சமாச்சாரம்... கேட்டு ரசிக்க வர்றவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கும்" என்றார் பொறுப்பாளர். மரியாதையாகத்தான் சொன்னார். காபி கொடுத்தார். அந்தப் பக்கத்தின் அடியில் நாலு விரல்கடை வெள்ளைத்தாள் சும்மா கிடந்தது.

நான் சண்டை போடவில்லை. போட்டிருக்க வேண்டும். அன்றைக்குப் போடாததை இங்கே போடுகிறேன்.

முதலில் நான் ஏன் தோலைப் பற்றி எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். அம்மா உயிரோடிருந்த காலம். நண்பர் ஒருவர் கொடுத்த ஜப்பானிய இசைக் கேசட்டை ஊரில் திண்ணையில் உட்கார்ந்து போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பொம்மலாட்டத்துக்கு வாசிக்கிற பருமனான ஷாமிசென். மூன்று நரம்பு, நீண்ட கழுத்து, சதுரமான பெட்டி உடம்பு. அம்மா முறத்தை வைத்துவிட்டுக் காது கொடுத்தாள். "இது நரம்பு இல்லடா, தோலு பேசுது. சின்னத் தோலு. நல்லா இழுத்துக் கட்டியிருக்கான்" என்றாள். நான் அதுவரை அதை நரம்புக் கருவி என்றுதான் படித்திருந்தேன். புத்தகமும் அப்படித்தான் சொல்லியிருந்தது. பறைக்குத் தோல் கட்டுகிறவனோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

அம்மா சொன்னது சரி. ஷாமிசெனின் உடம்பு இரண்டு பக்கமும் தோல் போர்த்தியது. பூனைத்தோல் அல்லது நாய்த்தோல். கையில் பிடிக்கிற பாச்சி என்கிற பெரிய தட்டையான மீட்டுகோல் நரம்பை அடிக்கும்போதே தோலின் மேலும் விழுகிறது. ஒரே வீச்சில் நரம்பும் பேசுகிறது, மேளமும் பேசுகிறது. தோலை ஈரப்படுத்தி, மரக்கவ்விகளால் சுற்றிலும் கடித்துப் பிடித்து, கயிறு கட்டி, ஆப்பு அடித்து, கிழிகிற எல்லைக்குக் கொஞ்சம் முன்பு வரை இழுத்து, அரிசிமாவுப் பசையில் ஒட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் கன்றுத்தோல், வேப்பமரச் சட்டம், புளியங்கொட்டைப் பசை. அங்கே அரிசிமாவு. இழுப்பதின் கணக்கு ஒன்றுதான். ஒரு மயிரிழை கூடினால் தோல் போச்சு, குறைந்தால் சத்தம் போச்சு. அந்தக் கணக்கு கையில்தான் இருக்கிறது.

அங்கேயும் அந்தக் கை யாருடையது? இதைக் கேட்டதற்குத்தான் பத்தி போயிற்று.

கிழக்கும் மேற்கும் சந்திக்கிற இசை என்று எழுதுகிறவர்களைப் படித்துப் பாருங்கள். பழமை, மர்மம், மௌனம், தியானம். இந்த நாலு சொற்களை வைத்துக்கொண்டு எத்தனை பக்கம் வேண்டுமானாலும் ஓட்டிவிடுகிறார்கள். மேற்கு என்றால் அறிவு, கட்டமைப்பு. கிழக்கு என்றால் ஆன்மா. இருவருக்கும் கல்யாணம். இந்தக் கல்யாணத்தில் பெண் வீட்டார் யார், அவர்கள் தெரு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கிழக்கு என்பது ஏதோ ஒரே கூரைக்குக் கீழே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட கூட்டம் மாதிரி பேசுகிறார்கள். அங்கேயும் பந்தி தனித்தனிதான் ஐயா. கிணறு தனித்தனிதான். சுடுகாடு தனித்தனிதான்.

பழைய ஜப்பானில் செத்த மாடும் குதிரையும் தூக்குகிறவர்கள், தோல் பதனிடுகிறவர்கள் எத்தா என்று அழைக்கப்பட்டார்கள். அந்தச் சொல்லை எழுதப் பயன்படுத்திய எழுத்துகளுக்கு மிகுந்த அழுக்கு என்று பொருள். இன்னொரு பிரிவுக்கு ஹினின் என்று பெயர். மனிதரல்லாதவர் என்று பொருள். கூத்தாடிகள், பிச்சையெடுப்பவர்கள், சிறைச்சாலையில் ஏவல் செய்பவர்கள் அதில் இருந்தார்கள். 1871இல் மெய்ஜி அரசு ஓர் ஆணை போட்டு இந்தப் பெயர்களை ஒழித்தது. பெயர் போயிற்று. தெரு போகவில்லை. அந்தத் தெருக்களைத்தான் புராக்கு என்கிறார்கள். வெறும் ஊர், குடியிருப்பு என்று பொருள்படும் சாதாரணச் சொல். சேரி என்பதும் ஒரு காலத்தில் அப்படித்தானே இருந்தது? மேளத்துக்கும் ஷாமிசெனுக்கும் தோல் வந்தது இந்தத் தெருக்களின் உழைப்பிலிருந்து.

அந்த 1871ஆம் ஆண்டு இசைக்காரர்களுக்கும் விசித்திரமான ஆண்டு. அதே ஆண்டில்தான் கண் தெரியாத இசைக்காரர்களின் சங்கமான தோதோசா கலைக்கப்பட்டது. பிவாவை மீட்டிக்கொண்டு போர்க்கதை பாடுவதும் கோட்டோ, ஷாமிசென் சொல்லிக் கொடுப்பதும் பல நூற்றாண்டுகளாக அவர்கள் பிழைப்பு. சங்கம் போனதும் அந்தப் பாதுகாப்பு போயிற்று. தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு ஷாகுஹாச்சி என்கிற மூங்கில் குழலை ஊதித் திரிந்த ஃபூக்கே துறவிகளின் பிரிவும் அதே ஆண்டில் தடைசெய்யப்பட்டது. ஒன்று கவனிக்க வேண்டும். அந்தக் கூடைத் துறவியாவதற்குச் சாமுராய் குலத்தில் பிறந்திருக்க வேண்டும் என்பது சட்டம். இன்றைக்கு மேற்கத்திய மேடையில் கிழக்கின் ஆன்மா என்று எந்தக் குழலை அதிகம் தூக்கிவைக்கிறார்கள்? இந்த மூங்கிலைத்தான். ஜென் மூச்சு என்கிறார்கள். தோல் போர்த்திய ஷாமிசெனோ கூத்துக் கொட்டகையிலும் கேளிக்கைத் தெருக்களிலும் வளர்ந்தது. அதற்கு ஆன்மா கொஞ்சம் குறைச்சல்தான் போலும்.

இது தற்செயல் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். கிழக்கையும் மேற்கையும் கலப்பது ஏதோ தனிப்பட்ட கலைஞர்களின் கனவாகத் தொடங்கியது என்று நினைக்கிறோம். ஜப்பானில் அது அரசாங்கத் திட்டம். 1879இல் கல்வி அமைச்சகம் இசை ஆய்வுக்கென ஓர் அலுவலகம் திறந்தது. அமெரிக்காவில் படித்து வந்த இசாவா ஷூஜி அதன் பொறுப்பில் இருந்தார். அவர் எழுதிக்கொடுத்த திட்டத்தில் முதல் அம்சமே கிழக்கு இசையையும் மேற்கு இசையையும் கலந்து புது இசை செய்வது. 1880இல் பாஸ்டனிலிருந்து லூதர் விட்டிங் மேசன் என்கிற இசையாசிரியர் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடப் பாட்டுகள் தயாராயின. எந்தக் கிழக்கைக் கலந்தார்கள்? சாதாரண ஜனங்கள் பாடிய பாட்டு, கேளிக்கைத் தெருவின் ஷாமிசென் பாட்டு எல்லாம் கீழானவை, திருத்தப்பட வேண்டியவை என்று அதே அலுவலகம் வேலைத்திட்டம் வகுத்தது. கலப்பு என்றால் எல்லோரையும் சேர்த்துக்கொள்வது என்று அர்த்தமில்லை. யாரை வெளியே நிறுத்துவது என்று முடிவுசெய்த பிறகு மிச்சத்தைக் கலப்பது. இதே இசாவா 1895இல் ஜப்பான் பிடித்துக்கொண்ட தைவானுக்குக் கல்வித்துறைத் தலைவராகப் போனார் என்பதையும் சேர்த்துப் படித்தால் விஷயம் இன்னும் துலங்கும்.

மேற்கின் பக்கத்தையும் விட்டுவிட வேண்டாம். அறை என்கிறோமே, அது யாருடைய அறை? பிரபுவின் அறை. நால்வர் நரம்பிசையின் தந்தை என்று கொண்டாடப்படுகிற ஹைடன் 1761இல் எஸ்தர்ஹாசி பிரபுக் குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது போட்ட ஒப்பந்தம் கிடைக்கிறது. சீருடை போட்டுக்கொண்டு வரவேண்டும். காலையும் மத்தியானமும் முன்னறையில் நின்று இன்றைக்கு இசை வேண்டுமா என்று உத்தரவு கேட்க வேண்டும். பண்ணையார் வீட்டு வாசலில் கைகட்டி நிற்கிறவனுக்கும் இவருக்கும் வித்தியாசம் வெள்ளைக் காலுறையும் பொய்முடியும்தான். (வித்தியாசம் அவ்வளவுதான் என்று சொல்வது நியாயமில்லை, தெரியும். ஹைடனை யாரும் தொட்டால் தீட்டு என்று சொல்லவில்லை. கடைசியில் அவர் பணத்தோடும் புகழோடும் செத்தார்.) வயலினுக்குப் பல நூற்றாண்டு கட்டிய நரம்பு எது? ஆங்கிலத்தில் அதற்குப் பூனைக்குடல் என்று பெயர். உண்மையில் ஆட்டுக்குடல். கசாப்புத் தொட்டியில் அலசி, கீறி, முறுக்கி, காயவைத்துத்தான் அந்தத் தேவகானம் வந்தது. பிரபுவின் அறைக்குள் ஆட்டுக்குடலும் பூனைத்தோலும் போகலாம். அதை அலசியவன்தான் போகக்கூடாது.

இனி தகேமித்சு. தோரு தகேமித்சு, 1930 முதல் 1996 வரை வாழ்ந்தவர். கிழக்கு மேற்கு என்று யார் பேச வாய் திறந்தாலும் முதலில் இவர் பெயர்தான் வரும். நியாயமாகவே வரும். 1966இல் பிவாவுக்கும் ஷாகுஹாச்சிக்கும் மட்டுமாக 'எக்லிப்ஸ்' எழுதினார். அடுத்த ஆண்டு நவம்பரில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் 125ஆம் ஆண்டையொட்டி அந்த இரண்டு கருவிகளையும் பெரிய இசைக்குழுவின் எதிரில் நிறுத்தினார். 'நவம்பர் ஸ்டெப்ஸ்'. அதில் அவர் இரண்டையும் கரைத்து ஒன்றாக்கவில்லை. தனித்தனியே நிற்கவிட்டார். பெரும்பாலும் ஒன்று பேசும்போது மற்றது சும்மா இருக்கிறது. கல்யாணம் கல்யாணம் என்று எழுதுகிறவர்கள் இதைக் காது கொடுத்துக் கேட்டார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

போரில் வளர்ந்த பையன் அவர். ஜப்பானியம் என்றாலே ராணுவம், கட்டளை, சாவு என்று வெறுத்தவர். ஜப்பானிய இசையே வேண்டாம் என்று பிரெஞ்சு இசையின் பக்கம் போனவர். அமெரிக்கரான ஜான் கேஜின் வழியாகத்தான் தன் மண்ணின் இசைக்கு மறுபடி மதிப்புக் கொடுக்கக் கற்றுக்கொண்டேன் என்று நன்றியோடு சொன்னவர். இதை எல்லோரும் எழுதுகிறார்கள். மேற்கே வந்து கிழக்குக்குக் கண்ணைத் திறந்துவிட்டது என்று எழுத வசதியாக இருக்கிறது. ஆனால் அவரே சொன்ன இன்னொன்று இருக்கிறது. இசை கற்கத் தொடங்கிச் சில வருஷம் கழித்து ஒருநாள் புன்ராக்கு பொம்மலாட்டத்தைப் பார்க்கப் போய் அதிர்ந்துபோனார். ஜப்பான் என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தனக்கு உறைத்தது என்கிறார். எது அதிர வைத்தது? கதையா, பொம்மையா? அந்தப் பருமனான ஷாமிசெனின் ஒலி. அதன் நாதத்தின் தன்மை.

அம்மா திண்ணையில் உட்கார்ந்து கேட்டாளே, அதே ஒலி.

இருபதாம் நூற்றாண்டின் பெரிய இசைக்காரர் ஒருவரைத் திருப்பிப் போட்ட சத்தம் ஒரு தோலிலிருந்து வந்தது. அந்தத் தோலைப் பதனிட்டவன், இழுத்துக் கட்டியவன் எந்தத் தெருக்காரன் என்பது இசை வரலாற்றுக்குத் தேவையில்லாத விஷயமா? கேஜ் தேவை, தோல் தேவையில்லை. ஸ்ட்ராடிவாரி என்கிற வயலின் செய்தவனின் பெயரைச் சின்னக் குழந்தைக்கும் சொல்லித் தருகிறீர்கள். அவன் செய்த பெட்டிகள் கோடிக்கணக்கில் விலைபோகின்றன. மரம் இழைத்தவனுக்குப் பெயர் உண்டு, தோல் கட்டியவனுக்குக் கிடையாது என்றால் அந்த வித்தியாசத்தை இசை செய்யவில்லை.

கொரியாவுக்குப் போவோம். அங்கே தோல்காரர்கள், கசாப்புக்காரர்கள் பெக்ஜோங். பான்சோரி கதைப்பாட்டுப் பாடிய குவாங்தே, பூசை ஆடிய முதாங் எல்லோரும் இழிந்தோர் என்கிற அடுக்கில் வைக்கப்பட்டவர்கள். 1894 சீர்திருத்தத்தில் சட்டப்படி அடுக்கு ஒழிந்தது. நடைமுறையில் ஒழியாததால் 1923இல் ஜிஞ்ஜூ நகரத்தில் பெக்ஜோங்குகள் ஹியோங்பியோங்சா என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். தராசுச் சங்கம் என்று சொல்லலாம். கறி நிறுக்கிற தராசு எப்படிச் சமமாக நிற்கிறதோ அப்படி ஒரு சமூகம். அதற்கு ஒரு வருஷம் முன்னால் ஜப்பானில் புராக்கு மக்கள் சுய்ஹெய்ஷா தொடங்கியிருந்தார்கள். தண்ணீர் மட்டம்போல் சமம் என்று அந்தப் பெயருக்குப் பொருள். ஆண்ட நாட்டின் தீண்டப்படாதவர்களும் ஆளப்பட்ட நாட்டின் தீண்டப்படாதவர்களும் ஒருவரை ஒருவர் தேடி உறவு வைத்துக்கொண்டார்கள். கிழக்கும் மேற்கும் சந்தித்தது பெரிய விஷயம் என்றால் இந்தச் சந்திப்பு அதைவிடச் சின்ன விஷயமா?

தராசுச் சங்கம் பிறந்த அதே தெற்கு கியோங்சாங் மாகாணத்தில் வளர்ந்தவர் இசாங் யுன். 1917இல் பிறந்தவர். ஜப்பானியர் ஆட்சியில் 1943இல் சிறைபட்டவர். பிறகு ஐரோப்பா போனார். கொரிய இசையில் ஒரு ஸ்வரம் தனியாகவே ஒரு உயிர். அது நடுங்கும், வளையும், வீங்கும், அடங்கும். அந்த ஒற்றைச் சுரத்தின் வாழ்க்கையை ஐரோப்பியக் கருவிகளில் அவர் எழுதினார். 1963இல் புல்லாங்குழலுக்கும் பியானோவுக்கும் 'கராக்'. 1971இல் ஓபோ ஒன்றுக்கு மட்டும் 'பிரி'. பிரி என்பது கொரிய நாட்டு நாணல் குழலின் பெயர். மேல்நாட்டு ஓபோவை வாசிக்கச் சொல்லி அதற்குள்ளிருந்து நம் ஊர் நாதசுரத்துக்குத் தூரத்து உறவு மாதிரி ஒரு கரகரப்பை வெளியே இழுத்துவிடுகிறார். கேட்டுப் பாருங்கள். வார்த்தையில் சொல்ல முடியாது.

1967இல் தென்கொரிய உளவுப்படை பெர்லினிலிருந்து அவரைக் கடத்திக்கொண்டு போனது. வடகொரியாவுக்காக வேலை செய்தாராம். 1963இல் அங்கே போய் வந்திருந்தார், பழைய கல்லறைச் சுவரோவியங்களைப் பார்க்க. முதலில் ஆயுள் தண்டனை. ஸ்ட்ராவின்ஸ்கி, கராயன், லிகெட்டி என்று சுமார் 200 கலைஞர்கள் கையெழுத்துப் போட்டுக் குரல் கொடுத்தார்கள். 1969இல் விடுதலை. சிறையில் இருந்தபோதே எழுதினார். புல்லாங்குழல், ஓபோ, வயலின், செல்லோ நாலுக்கும் 1968இல் எழுதிய 'இமேஜஸ்' அந்தக் கல்லறை ஓவியங்களிலிருந்து பிறந்தது. எந்த ஓவியத்தைப் பார்த்ததற்காக ஜெயிலில் போட்டார்களோ அதையே ஜெயிலுக்குள் இசையாக்கினார். அறை இசை என்றால் இதுவல்லவா அறை இசை! ஏழடிக்கு நாலடி அறையின் இசை. 1995இல் பெர்லினில் செத்தார். அவர் எலும்பு ஊர் வந்து சேர்ந்தது 2018இல்.

இவரையும் கிழக்குக்கும் மேற்குக்கும் பாலம் என்றே எழுதுகிறார்கள். பாலம் என்று பெயர் வைத்தால் மிதித்துக்கொண்டு போகலாம் அல்லவா, அதற்குத்தான். நான் சுற்றறிக்கையில் எழுதிய கடத்தல் கதையை வட்டத்துக்காரர்கள் வெட்டவில்லை. அதைச் சொல்ல வேண்டும். அரசியல் அவர்களுக்கு ஆகாது என்றில்லை. சர்வாதிகாரியும் கைதியும் என்றால் ரசிக்கலாம். தோல் என்றால்தான் குமட்டுகிறது.

சீனத்தைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டுகிறேன். அங்கே யுவேஹூ என்று பரம்பரை இசைக் குடிகள் இருந்தார்கள். இழிந்தோர் பட்டியலில் வைக்கப்பட்டவர்கள். 1723இல் யோங்செங் பேரரசர் அந்தப் பட்டியலை நீக்கினார். எதிர்ப்பக்கத்தில் குச்சின் என்கிற ஏழு நரம்புக் கருவி. அது படித்தவர்களின் சொத்து. அமெரிக்காவில் வாழ்ந்த சோ வென்-சுங் 1965இல் ஒன்பது பேர் வாசிக்க 'யூ கோ' எழுதியபோது எடுத்துக்கொண்டது ஒரு குச்சின் பாட்டை. அருமையான படைப்பு. ஒவ்வொரு மீட்டலின் விரலசைவையும் மேற்கத்தியக் கருவிகளுக்குப் பெயர்த்திருக்கிறார். ஆனால் அவர் உயர்த்திப் பிடித்த மரபு அறிஞர்களின் மரபு. யுவேஹூவின் மரபு என்று யாரும் கொடி பிடிக்கவில்லை. வூசி நகரத் தெருக்களில் எர்ஹு வாசித்துப் பிழைத்த கண் தெரியாத ஆபிங்கை 1950இல்தான் ஆய்வாளர்கள் தேடிப்போய்ப் பதிவு செய்தார்கள். ஆறே ஆறு பாட்டு. அந்த வருஷக் கடைசியில் அவர் செத்துப்போனார். எர்ஹுவின் வயிற்றில் இருப்பது மலைப்பாம்புத் தோல். ஆபிங்கின் பாட்டு பிறகு வயலின், செல்லோக்காரர்களுக்காகவும் எழுதப்பட்டு உலகம் சுற்றுகிறது. நல்லது. அவர் பெயராவது சுற்றுகிறது.

தான் துன் எழுதிய 'கோஸ்ட் ஆபரா' 1994இல் வந்தது. நால்வர் நரம்பிசையும் பிபாவும். கூடவே தண்ணீர், கல், காகிதம், உலோகம். க்ரோனோஸ் குவார்ட்டெட்டும் வூ மானும் வாசித்த இசைத்தட்டு பிரசித்தம். பாக் வருகிறார், ஷேக்ஸ்பியர் வருகிறார், தாயில்லாப் பெண் அழுகிற சீன நாட்டுப்பாடல் வருகிறது. ஹுனான் கிராமங்களின் சாவுச் சடங்கிலிருந்துதான் எடுத்தேன் என்று தான் துன்னே சொல்கிறார். கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் அவரை நெல் நட அனுப்பினார்கள். அங்கே கிராமத்தாரோடு சேர்ந்து சாவுக்கும் கல்யாணத்துக்கும் வாசித்தார். இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. சாவுக்கு வாசிப்பது இசை. சாவுக்கு வாசிப்பது படைப்பு. இந்த வாக்கியத்தை என் அப்பாவிடம் யாராவது அவர் இருபது வயதில் சொல்லியிருந்தால்?

சொல்லியிருந்தாலும் அவர் காறித் துப்பியிருப்பார் என்றே இப்போது தோன்றுகிறது. அவர் பறையைத் தூக்கிப் பரணில் போட்டவர். இனி எந்தச் சாவுக்கும் போகமாட்டேன் என்று பஞ்சாயத்தில் சொல்லி அதற்கு உண்டான அடியை வாங்கியவர். அவருக்குப் பறை கலையாக இருந்ததில்லை. கட்டாயமாக இருந்தது.

இந்த இடத்தில் என் பக்கத்துத் தோழர்களோடும் எனக்கு வழக்கு இருக்கிறது. கூட்டம் ஒன்றில் இதைப் பேசியபோது ஒரு மாணவத் தோழர் எழுந்தார். "தோழர், இதெல்லாம் மேட்டுக்குடி இசை. ஏசி ரூம்ல உக்காந்து கேக்குறது. நமக்கு எதுக்கு? நமக்குப் பறை இருக்கு" என்றார். கைதட்டினார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. பறை மட்டும்தான் உனக்கு என்று நம்மை ஒதுக்கியவன் சொன்னதும் இதுதானே? அவன் ஊர் எல்லையில் நிறுத்திச் சொன்னான். நாம் மேடையில் நின்று சொல்லிக்கொள்கிறோம். வயலினில் இருக்கும் ஆட்டுக்குடலும் ஷாமிசெனில் இருக்கும் தோலும் நம்மைப்போன்ற கைகள் தொட்டு உண்டானவை. அந்த அறைக்கு வாடகை நாம் முன்பே கொடுத்துவிட்டோம். உள்ளே போய் உட்கார்ந்து கேட்க நான் யாரிடமும் அனுமதி வாங்கப்போவதில்லை. மேட்டுக்குடியிடமும் இல்லை, தோழர்களிடமும் இல்லை. யுன்னின் ஓபோவைக் கேட்காமல் நான் ஏன் சாக வேண்டும்?

ஆனால் பெயரைப் போடு, கட்டியவன் பெயரைப் போடு என்று கத்துவதும் அவ்வளவு சுலபமில்லை. இதை நான் மறைத்தால் பொய்யனாவேன். 1975இல் ஜப்பானில் ஒரு பட்டியல் வெளிச்சத்துக்கு வந்தது. எந்தெந்த ஊர் புராக்கு ஊர் என்று தொகுத்த புத்தகம். ரகசியமாக விற்றிருக்கிறார்கள். பெரிய கம்பெனிகள் வாங்கியிருக்கின்றன. வேலைக்கு மனுப்போட்டவன் எந்த ஊர் என்று பார்த்துக் கழித்துவிட. அப்படிப்பட்ட இடத்தில் ஷாமிசென் தோல் கட்டுகிறவன் தன் பெயரையும் தெருவையும் இசைத்தட்டின் உறையில் போடச் சொல்வானா? அவன் பிள்ளைக்குப் பெண் பார்க்க வேண்டாமா? ஒளிந்துகொள்வதும் ஒரு பாதுகாப்புத்தான். எங்கள் தெருப் பையன்கள் நகரத்தில் வாடகை வீடு தேடும்போது ஊர் பெயரை மாற்றிச் சொல்வதை நான் எந்த வாயால் தப்பு என்பேன்?

ஒசாகாவில் நானிவா என்று ஒரு பகுதி. தோலுக்கும் மேளத்துக்கும் பேர்போன புராக்கு பகுதி. மேளம் அடிக்கிறவனுக்குக் கைதட்டல், செய்கிறவனுக்கு வசை, இது என்ன நியாயம் என்று அங்கிருந்த இளைஞர்கள் 1987இல் ஒரு மேளக்குழு தொடங்கினார்கள். பெயர் 'இக்காரி'. சினம் என்று பொருள். அவர்கள் தங்கள் தெருவின் பெயரைத் தாங்களே சொன்னார்கள். அடுத்தவன் பட்டியல் போட்டுச் சொல்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் எல்லாமே. ஆகவே நான் யார் பெயரையும் கேட்கவில்லை. என் அப்பாவின் பெயரையும் இங்கே எழுதவில்லை. "எம்பேரப் போட்டுத் தொலைக்காத" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வேலையின் பெயரைச் சொல் என்றுதான் கேட்கிறேன். இது தோல், இதை இப்படிக் கட்டினார்கள், இதைக் கட்டியதற்காக அவர்களை ஒதுக்கிவைத்தார்கள் என்று சொல். நாலு வரி. நாலு விரல்கடை இடம்.

இன்றைக்கு ஷாமிசெனுக்குப் பூனைத்தோல் கிடைப்பது அரிது. கங்காருத் தோல் போடுகிறார்கள், செயற்கைத் தோலும் போடுகிறார்கள். கட்டத் தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள். பிளாஸ்டிக்குக்குத் தீட்டு கிடையாது என்பதால் இனி அந்தப் பேச்சே எழாது என்று சிலர் நிம்மதி அடையக்கூடும்.

வட்டத்துக்காரர்கள் வெட்டிய பத்தி கீழே இருக்கிறது. ஒரு சொல்லும் மாற்றவில்லை.

"நீங்கள் இப்போது கேட்கப்போகும் ஷாமிசெனின் உடம்பு நாலு மரப்பலகைகளால் ஆனது. இரண்டு பக்கமும் தோல். அந்தத் தோலை ஈரப்படுத்தி, கவ்வி, கயிறு, ஆப்பு இவற்றால் இழுத்து, அரிசிமாவுப் பசையில் ஒட்டினார்கள். ஜப்பானில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் புராக்கு மக்கள். செத்த விலங்கைத் தொட்டதால் அவர்களைத் தொடக்கூடாது என்று அந்த நாட்டில் வைத்திருந்தார்கள். 1871இல் அது சட்டப்படி முடிந்தது. மீட்டுகோல் நரம்பில் படும் அதே நேரத்தில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். முதல் தடவை கேட்கும்போது பலர் அதைக் கவனிப்பதில்லை. அது தோலின் சத்தம்."